தங்கத்தாய் கொடுத்த வாய்தா மனு

வக்கீல் குமாஸ்தாக்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குத் தங்கத்தாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். கையெழுத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? சங்கரன்கோவில் கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாகக் குமாஸ்தாவாக இருப்பவன் நான், பிரேம்சிங். என்னைப் பற்றி ஒரு வரி எழுத ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவளைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

தங்கத்தாய்க்கு ஊர் பனவடலிசத்திரம். கோர்ட்டுக்கு அவள் குமாஸ்தாவாக வரவில்லை, கட்சிக்காரியாக வந்தாள். புருஷன் லாரி ஓட்டப் போன இடத்தில் விபத்தில் இறந்துபோனார். நஷ்டஈட்டு வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பஸ்ஸில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு மணிக்கு யாராவது வந்து, "இன்னைக்கு இல்லம்மா, அடுத்த மாசம்" என்பார்கள். எழுந்து போவாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை. அன்றைய கூலி போனது போனதுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத பிறவி. பலகையில் ஒட்டியிருக்கும் வழக்குப் பட்டியலைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவர்களிடம், "உங்க நம்பரு முப்பத்தேழு, சாப்பாட்டுக்கு அப்புறந்தான் வரும், போய் ஒரு காப்பியக் குடிச்சிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். வக்கீல் நியாஸ் அகமது இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் கேஸ் முடிந்த மாதமே அவளைத் தன் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக்குக் கேஸ் கட்டு எது, பிராது எது என்று தெரியுமா என்று டீக்கடையில் வைத்துச் சொன்னேன். ஆறே மாதத்தில் அந்த டீக்கடைக்காரன் தன் தம்பி கேஸைப் பற்றி அவளிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது.

அவளிடம் அப்படி என்ன இருக்கிறது? வாய்தா வாங்குவதில்தான், அதாவது கேஸைத் தள்ளிப்போட வேறு தேதி வாங்குவதில்தான் இருக்கிறது.

நானும் வாய்தா வாங்குகிறவன்தான். அதில் எனக்கு ஈடு கிடையாது என்று நினைத்திருந்தேன். காய்ச்சல், வாந்திபேதி, பஸ் பிரேக்டவுன், நெருங்கிய உறவினர் மரணம் என்று எல்லாமே என் கைவசம் இருக்கும். என் சீனியர் வக்கீல் சங்கரலிங்கத்தின் மாமியாரை மூன்று வருஷத்துக்குள் இரண்டு தடவை சாகடித்திருக்கிறேன். அந்த அம்மாள் ஆடித்தபசு பார்க்க வந்தவள், மருமகனைத் தேடிக்கொண்டு நேரே கோர்ட் வாசலுக்கே வந்துவிட்டாள். பெஞ்ச் கிளார்க் அவளிடம் நலம் விசாரித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் என் மனு எதைக் கொண்டுபோனாலும் "இது நெசந்தானா வே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்குவார்.

தங்கத்தாய் பொய் எழுத மாட்டாள். உளுந்து பறிக்கிற வாரம் என்றால் உளுந்து பறிப்பு என்றே எழுதுவாள். கட்சிக்காரர் மகளுக்குப் பூப்பு நீராட்டு என்றால் அதையே எழுதிப் பத்திரிகையையும் பின்னால் குத்தி வைப்பாள். இதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்வாள். வாய்தா நாளுக்கு மூன்று நாள் முன்னாடியே எதிர்த்தரப்பு ஆபீசுக்குப் போய், "ஆட்சேபணை இல்லை" என்று மனுவில் எழுதி வாங்கிவிடுவாள். சாயங்காலம் கட்சிக்காரர்களுக்குப் போன் போடுவாள். "நாளைக்கு வராதீங்க. தேதி தள்ளிப் போயிரும். பஸ்ஸுக்குக் குடுக்க காச வச்சுப் பிள்ளைக்கு எதாவது வாங்கிக் குடுங்க." இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வருகிற மானாவாரி விவசாயிக்கு இந்த ஒரு போன் எப்படி இருக்கும்? கேஸில் தோற்றவன்கூட அவளைக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். எங்கள் கட்சிக்காரர்கள் ஜெயித்துவிட்டும் என்னைத் திட்டிக்கொண்டு போவார்கள்.

ஊரே அவளை அக்கா என்கிறது. நான் மட்டும் சொல்ல மாட்டேன். என்னைவிட ஆறு வயது சிறியவள். நான் "யம்மா தங்கத்தாய்" என்பேன், அவள் "அண்ணாச்சி" என்பாள். அந்த அண்ணாச்சியில் மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இனி ஜரினா விஷயத்துக்கு வருகிறேன்.

ஜரினாவின் புருஷன் சவூதியில் இருந்து அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு அது. தன் அண்ணன் பெயரில் இருந்த மனையில் கட்டிவிட்டார். அவர் அங்கேயே மாரடைப்பில் போன பிறகு, அண்ணன் சிஹாபுதீன் "மனை என்னுடையது, வீட்டைக் காலி செய்" என்று வழக்குப் போட்டார். சிஹாபுதீன் எங்கள் கட்சிக்காரர். ஜரினாவுக்கு வக்கீல் நியாஸ் அகமது. அதாவது அந்தப் பக்கம் தங்கத்தாய், இந்தப் பக்கம் நான்.

போன வருஷம் ஆவணியில் ஒரு புதன்கிழமை ஜரினா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் மகள் ரிஸானாவைப் பிரசவத்துக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஜரினாவால் வர முடியாது. தங்கத்தாய் வாய்தா மனு தயார் செய்துவிட்டாள். ஆனால் அதே புதன்கிழமை நியாஸ் அகமதுக்கு மதுரை ஹைகோர்ட்டில் கேஸ். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இவளும் அவரோடு போக வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிர்த்தரப்புக் குமாஸ்தா ஊரில் இல்லாத நாளில் அவருடைய வாய்தா மனுவை நாமே கையில் வாங்கி, நம் சீனியரிடம் "ஆட்சேபணை இல்லை" எழுதி வாங்கி, பத்தரை மணிக்குள் பெஞ்ச் கிளார்க்கிடம் சேர்த்துவிடுவோம். இதற்கு ரசீது கிடையாது, கையெழுத்துக் கிடையாது. வழக்கில்தான் எதிரிகள், தாள் விஷயத்தில் எல்லோரும் ஒரு வீட்டுக்காரர்கள். எனக்குத் தெரிந்து ஒரு தாளும் தவறியதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடை முன்னால் அந்த மனுவை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, ஜரினா மதினி கேஸு. சீனியர்ட்ட எழுதி வாங்கிக் குடுத்துருங்க. பிள்ளைக்கு ஆபரேசன், அவ ஆஸ்பத்திரியில கெடக்கா."

"வச்சிட்டுப் போம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னேன்.

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் முத்துமணி வந்தார். இளையரசனேந்தல்காரர், பதினைந்து வருஷமாக எங்கள் ஆபீஸ் கட்சிக்காரர். என்னைப் பார்த்ததும் நெளிந்தார். கேஸை நியாஸ் அகமது ஆபீசுக்கு மாற்றிக்கொள்ளப் போகிறாராம். "நீங்க ஒண்ணும் நெனச்சிக்கிடாதீங்க. அந்த அக்கான்னா வேண்டாத நாளைக்கு வராதன்னு சொல்லிருவாவ. எனக்கும் முன்ன மாதிரி பஸ் ஏற முடியல" என்றார். ஆபீசுக்குப் போய் சீனியரிடம் சொன்னால் அவர் என்மேல் பாய்ந்தார். "வே பிரேம்சிங், அந்தம்மாகிட்ட ஒரு வாரம் போய் நின்னு வேலையப் படிச்சிட்டு வாரும்!" ஜூனியர் வக்கீல் இரண்டு பேரும் டைப்பிஸ்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறேன், என் மனைவி ஜெபிதா சொல்லுகிறாள்: "எங்க அக்கா அந்த எடத்துத் தகராற தங்கத்தாய் அக்கா ஆபீஸ்ல குடுத்துட்டா. ஒங்ககிட்ட குடுத்தா இழுக்கும்னு நெனைக்கா."

பெண்டாட்டியின் கூடப்பிறந்த அக்காள்! அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. புளிக்குழம்பு வைத்திருந்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் மனு என் பையில் இருந்தது. சீனியர் மேஜை முன்னால் நின்றேன். எடுத்து நீட்டினால் எழுதிக் கொடுத்துவிடுவார், அரை நிமிஷ வேலை. நீட்டவில்லை. கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. கோர்ட்டில் கொடுப்போம், பெஞ்ச் கிளார்க் வரட்டும், ஜட்ஜம்மா உட்காரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். வாய்தா வாங்கியே பழகியவன் இல்லையா! ஆனால் தள்ளத் தள்ள உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. ஒரு தடவை அவளும் விழட்டுமே என்றிருந்தது.

பதினொன்றே காலுக்குக் கேஸ் வந்தது. டவாலி வாசலில் நின்று கூப்பிட்டான். "ஜரினா!" இரண்டாவது தடவை, "ஜரினா!" அப்போது என் கை பையின் ஜிப்பில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டான். என் சீனியர் எழுந்து, பிரதிவாதியும் வரவில்லை, வக்கீலும் வரவில்லை, மனுவும் இல்லை என்றார். எக்ஸ்பார்ட்டி, ஒருதலைத் தீர்ப்பு. இரண்டு மாதத்துக்குள் ஜரினா வீட்டைக் காலி செய்து சிஹாபுதீனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. சிஹாபுதீன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையால்தான் ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் கோர்ட் உத்தரவு சாயங்காலமே போனில் வந்துவிடுகிறது. மதுரையிலிருந்து திரும்புகிற பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறாள். மறுநாள் நான் வருவதற்கு முன்னால் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, மனுவக் குடுக்கலையா?"

"மறந்துட்டேம்மா. பையில வச்சவன் அப்படியே மறந்துட்டேன். ஒடம்புக்கு வேற முடியல."

எத்தனையோ பொய்யை எழுதிக் கொடுத்தவன் நான், எதற்கும் நாக்குத் தடுமாறியதில்லை. அன்றைக்குத் தடுமாறியது. "சரி, அந்தத் தாளக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

நான்கு நாள் கழித்து ஜரினா வந்தாள். பேரன் பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் நலம். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல முடியாமல் தங்கத்தாய் முன்னால் வந்து நின்றாள். வராந்தாவில் அவ்வளவு கூட்டம்.

"ஒன்ன நம்பித்தானட்டி போனேன்! நீ இருக்கன்னுதான எம்புள்ள பக்கத்துல கெடந்தேன்! பச்ச ஒடம்புக்காரியையும் பிள்ளையையும் நான் எங்கன கொண்டுபோய் வைப்பேன்? அவரு எலும்பு தேய ஒழச்சுக் கட்டுன வீடு!"

குமாஸ்தாக்கள், கட்சிக்காரர்கள், கேன்டீன்காரன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது என் பெயர் வரும் என்று நினைத்தேன்.

"தப்பு எம்மேலதான் மதினி" என்றாள் தங்கத்தாய். "தேதிய மாத்திக் குறிச்சிட்டேன். மனு குடுக்கல. வீடு போவாது. நான் போவ விடமாட்டேன்."

ஜரினா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கட்சிக்காரி தங்கத்தாயைத் திட்டுகிறாள். இதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டேன்? பார்த்தேன். ஒரு துளிச் சுகம்கூட இல்லை.

எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்ய முப்பது நாளைக்குள் மனுப் போட வேண்டும். அவள் எட்டாம் நாளே போட்டுவிட்டாள். ஜரினாவின் மனுவோடு தன் பிரமாணப் பத்திரம் ஒன்றையும் வைத்திருந்தாள். "வழக்குத் தேதியை நான் தவறாகக் குறித்துக்கொண்டதால் மனு தாக்கல் செய்யப்படவில்லை. பிரதிவாதியின் மீது குற்றம் ஏதுமில்லை." எங்கள் ஆபீசுக்கு வந்த நகலை நான்தான் பிரித்தேன். மூன்று தடவை படித்தேன். என் பெயரைத் தேடித்தான் படித்தேன்.

என் சீனியர் கடுமையாக எதிர்த்துப் பேசினார். ஜட்ஜம்மா தங்கத்தாயை முன்னால் கூப்பிட்டார்.

"எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறீங்க?"

"பதினோரு வருசம்மா."

"இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?"

"இல்லம்மா. இது ஒண்ணுதாம்மா."

"இன்னொரு தடவை நடந்தா உங்க அடையாள அட்டையை ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவேன். ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். புரியுதா?"

"புரியுதும்மா."

கோர்ட் நிறைய ஆள். அவள் தலை குனிந்து நின்றாள். தீர்ப்பு ரத்தாகிவிட்டது. ஜரினா சாட்சி சொல்லப் புதுத் தேதி கொடுத்தார்கள். அதே காரணத்தை நான் எழுதிக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜட்ஜம்மா பேப்பரை மூஞ்சியில் வீசியிருப்பார். அவள் வாழ்நாளில் எழுதிய ஒரே ஒரு பொய், அதையும் நம்பிவிட்டார்கள். எனக்கு அங்கேயும் வயிறு எரிந்தது என்று சொன்னால் என்னை மனுஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அவளை மறித்தேன்.

"எம் பேர ஏன் சொல்லல? என்னயப் பாவம் பாத்தியாக்கும்?"

"உங்களுக்காகன்னு நெனச்சிக்கிடாதீங்க அண்ணாச்சி" என்றாள். குரலில் கோபம் இல்லை, கணக்காகப் பேசினாள். "பிரேம்சிங் அண்ணாச்சி தாள அமுக்கிட்டாருன்னு நான் சொன்னா, நாளையிலேருந்து எந்தக் குமாஸ்தாவும் எந்தக் குமாஸ்தாகிட்டயும் மனு குடுக்க மாட்டான். அந்த வழக்கமே போயிரும். அப்புறம் கோர்ட்ல பாடுபடுதது நம்ம இல்ல. பஸ் ஏறி வாற சனந்தான். நான் அஞ்சு வருசம் அந்த வராந்தாவுல உக்காந்தவ."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லுவாள், நான் கொஞ்சம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன். என்னைக் காப்பாற்றினாள் என்றால் அதில் எனக்கு ஒரு மதிப்பாவது இருந்திருக்கும். அவள் கணக்கில் நான் வரவே இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன்" என்றாள். "இனிமே எந்தத் தாளையும் உங்ககிட்ட குடுக்க மாட்டேன். நீங்களும் எங்கிட்ட தராதீங்க. வெளிய யார்ட்டயும் சொல்ல மாட்டேன். வாரேன் அண்ணாச்சி."

சொன்னபடியே செய்தாள். இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. என் சீனியர் இதைப் படித்தால் படிக்கட்டும், வேலை போனால் போகட்டும். ஜரினா கேஸ் இன்னும் நடக்கிறது, அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பேரன் தவழ்ந்து வாசல்படி தாண்டுகிறானாம். தங்கத்தாயோடு ஜரினா பழையபடி பேசுகிறாள், ஆனால் ஒவ்வொரு தேதிக்கும் முதல் நாள் தானே போன் போட்டு, "மறக்கலையே?" என்று கேட்டுக்கொள்கிறாள். தங்கத்தாயும், "மறக்கல மதினி" என்கிறாள்.

போன திங்கட்கிழமை அவள் தென்காசிக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கையில் நான்கு வாய்தா மனு. அதில் ஒன்று எங்கள் ஆபீஸ் கேஸ், என் சீனியர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். "சாப்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போய், நான்கையும் பவுல்பாண்டியனிடம் கொடுத்தாள். சிவகிரியிலிருந்து வந்து குமாஸ்தாவாகச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை அவன். தேதியை ஒழுங்காக எழுதத் தெரியாது, வழக்கு நம்பரைத் தலைகீழாகப் போடுவான். அவன் அவற்றை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்றான். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு எங்கள் கேஸ் மனுவைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, சீனியரு இருக்காவளா?" என்று கேட்டான். என் வாழ்நாளில் யார்மேலும், அவள்மேல்கூட, எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்ததில்லை. இருக்கிறார் என்று சொல்லி, அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.